கணுக்காலுக்கு வேறு கணக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் மூட்டுவலி என்று சொன்னாலே எல்லார் கையும் முழங்காலுக்குத்தான் போகும். மருந்துக்கடைத் தைலப் புட்டியில் முழங்கால் படம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்திலும் அதே முழங்கால். கல்யாணப் பந்தியில் இரண்டு பெரியம்மாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்து, யார் யார் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதில் வந்து நிற்கும். கணுக்கால் தேய்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்குகிற மனிதரை மட்டும் யாரும் மூட்டு நோயாளியாகப் பார்ப்பதில்லை. "எப்பவோ சுளுக்கினது, இன்னும் சரியாவல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவரும் அதையே நம்பிக்கொண்டு வருடக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பார்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், தேவனாம்பட்டினம், வடக்கே பாகூர் வரையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கணுக்காலை முழங்காலின் தம்பி போல நினைத்து வைத்தியம் பார்ப்பதுதான் இவர்களில் பலருடைய சிக்கலுக்கும் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இரண்டு மூட்டுக்கும் நோய் வரும் வழி வேறு, வரும் வயது வேறு. அதனால் வைத்தியமும் வேறு. எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடிய மூட்டு இல்லை இது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை அந்த மனிதர் அந்தக் காலை எங்கெல்லாம் வைக்கிறார், எதற்கெல்லாம் வைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அறுவை வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் எந்த அறுவை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

முழங்கால் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் வயதும் எடையும் பரம்பரையும் காரணம். கணுக்கால் அப்படித் தானாகத் தேய்வது அபூர்வம். இத்தனைக்கும் அதன் குருத்தெலும்பு மெல்லியது, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். முழங்காலில் சில இடங்களில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிமன் உண்டு. நடக்கும்போது கணுக்காலில் இறங்கும் சுமையும் சாதாரணம் இல்லை, உடல் எடையைப்போல நான்கைந்து மடங்கு. ஆனாலும் தாங்குகிறது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒரு கவட்டை மாதிரி மேலே நிற்க, நடுவில் டேலஸ் என்ற சின்ன எலும்பு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. அந்தப் பொருத்தம் கெடாதவரை எழுபது வயதிலும் கணுக்கால் நன்றாகவே இருக்கும்.

பொருத்தத்தைக் கெடுப்பது அடிதான். கணுக்கால் தேய்மானம் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பழைய எலும்பு முறிவோ, ஜவ்வு கிழிந்து திரும்பத் திரும்பப் பிசகிய கதையோ இருக்கும். 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரு மருத்துவர்கள் இறந்தவர்களின் கால்களை வைத்து அளந்து பார்த்தார்கள். டேலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக நகர்ந்தாலே எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதே சுமை பாதி இடத்தில் இறங்கினால் அந்த இடம் எத்தனை வருடம் தாங்கும்? இன்றைக்கும் எலும்பு முறிவு பார்க்கும் மருத்துவர்கள் ஒரு மில்லிமீட்டருக்காக அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான். அடிபடுகிற வயது இருபது, முப்பது என்பதால் தேய்மானமும் நாற்பது, ஐம்பதிலேயே வந்து நிற்கிறது. வீட்டில் உட்காரும் வயது இல்லை அது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், கடன் பாக்கி இருக்கும், தினமும் வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். பண்ருட்டிப் பக்கம் அவருக்கு முந்திரியும் கொஞ்சம் பலாவும் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, தாத்தா காலத்து மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும்போது ஒரு அடிமரம் உருண்டு அவர் வலது கணுக்கால் மேல் வந்தது. ஊரில் கரண்ட் இல்லை, பல தெருக்களில் மரம் குறுக்கே கிடந்தது, கையில் காசும் இல்லை. பக்கத்து ஊர் வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டார். எலும்பு கூடியது. ஆனால் வெளிப்பக்க எலும்பு இருந்த இடத்திலேயே கூடவில்லை, கொஞ்சம் விலகிக் கூடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நடந்தார், வேலை செய்தார், புதிய கன்றுகள் நட்டார். அந்த நேரத்தில் அந்த ஊரில் இருந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பத்து வருடம் கழித்து ஆரம்பித்தது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் ஒரு பிடிப்பு. அப்புறம் சாயங்காலமானால் வீக்கம். சமதரையில் பரவாயில்லை, வரப்பில் ஏறினால் குத்துகிறது, மேட்டிலிருந்து இறங்கினால் கணுக்காலின் முன்பக்கம் எதுவோ இடிக்கிற மாதிரி வலி. "என்னா பாப்பா, வயசானா எல்லாருக்கும் முட்டி போவும். எனக்கு மட்டும் ஏன் இங்க போயிருக்கு?" என்று கேட்டார். புயலைச் சொன்னேன். நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவரைப் பொறுத்தவரை அந்த அடி ஆறி எத்தனையோ வருடமாகிறது.

எக்ஸ்ரே பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கணுக்கால் எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுத்தால் பாதி உண்மைதான் தெரியும். சுமை இல்லாதபோது தேய்ந்த மூட்டுகூட இடைவெளியோடு காட்டும். நின்றுகொண்டு, உடல் எடை காலில் இறங்கும்போது எடுத்தால்தான் எலும்பும் எலும்பும் உரசுவதும் குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். சித்தப்பாவின் முதல் எக்ஸ்ரே படுத்து எடுத்தது. "லேசான தேய்மானம்" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நின்றெடுத்த படத்தில் வெளிப்பக்கம் இடைவெளியே இல்லை. எழுதிக் கொடுக்கும் மருத்துவர் குறிப்பிடவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், "சார், நின்னுகிட்டு எடுக்கச் சொல்றீங்களா?" என்று. கேட்பதில் தப்பே இல்லை.

வீங்கிய கணுக்கால் எல்லாம் தேய்மானமும் இல்லை. திடீரென்று ஒரே ராத்திரியில் சிவந்து, போர்வை பட்டால்கூடத் துடிக்கிற வலி என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். இரண்டு காலும் கைவிரல்களும் சேர்ந்து வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். மாதக்கணக்கில் மெதுவாக வீங்கி, எடை குறைந்து, சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் மூட்டில் காசநோய் இருக்கிறதா என்று நம் ஊரில் பார்த்தே ஆக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மருந்தே வேறு.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் மிகவும் பயப்படுவது வலிக்காத வீக்கத்துக்குத்தான். பல வருடச் சர்க்கரையில் காலின் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பாதமோ கணுக்காலோ சூடாக, சிவந்து வீங்கும். வலி பெரிதாக இருக்காது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சுளுக்கு என்று நினைத்து அதன்மேலேயே நடப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறிவிடும். சார்கோ பாதம் என்று இதற்குப் பெயர். பாதத்தில் சுமை இறங்காதபடி மாதக்கணக்கில் மாவுக்கட்டிலோ பூட்ஸிலோ வைத்திருப்பதுதான் முதல் சிகிச்சை. தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு அண்ணன் இப்படித்தான் வந்தார், "வலியே இல்ல தங்கச்சி, செருப்புதான் பத்த மாட்டேங்குது" என்று. இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தேன், ஒன்று மட்டும் கொதித்தது. அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினேன். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் கால் இரண்டையும் அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

சரி, தேய்மானம்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன? தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து எதுவும் இன்று கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் வலியைக் குறைத்து, பல வருடங்களுக்கு நன்றாக நடமாட வைக்க முடியும். அந்த வருடங்களை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற காலம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. அதுவே முறையான சிகிச்சை, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

என் அனுபவத்தில் அதில் அதிகம் உதவுவது செருப்பு. மாத்திரையைவிட, ஊசியைவிட. கணுக்கால் மடங்கும்போதுதான் வலிக்கிறது, அதனால் மடங்காமலே உடல் முன்னால் உருண்டு போகும்படி அடிப்பாகம் படகு போல வளைந்த செருப்பு வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் எம்.சி.ஆர். செருப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி மெத்தென்ற மேல்பாகம், கீழே கெட்டியான வளைந்த அடி, குதிகாலைப் பின்னால் பிடித்துக்கொள்ளும் பட்டை. செயற்கைக் கால், காலணி செய்து தரும் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். ரப்பர் ஹவாய் செருப்பில் கால் நழுவும், விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும், கணுக்கால் ஓய்வே எடுக்காது. வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெரியவர்கள் முதலில் சங்கடப்படுவார்கள். சித்தி சமையலறை வாசலில் நின்று, "பூஜை ரூமுக்கு மட்டும் கழட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகுதான் சித்தப்பா போட்டார்.

அடுத்தது கைத்தடி. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலி என்றால் இடது கை. பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பலனும் குறைவு, தோளும் வலிக்கும். கயிறு கட்டும் வகைக் கணுக்கால் பட்டை, வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும். சும்மா சுற்றிய க்ரீப் பேண்டேஜ் வீக்கத்துக்கு ஆகும், மூட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளாது. உடற்பயிற்சி என்று பார்த்தால் கெண்டைச் சதையை நீட்டுவது, காலின் வெளிப்பக்கத் தசையை ரப்பர் பட்டையால் பலப்படுத்துவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. பழைய சுளுக்கால் தொளதொளத்துப் போன கணுக்காலுக்கு இவை மிகவும் நல்லது. எலும்பு எலும்போடு உரசும் நிலையில் வலியை மீறிச் செய்தால் கெடுதல்தான். எடையைக் குறைப்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலில் நான்கைந்து கிலோ குறைகிறது என்று சொன்னால் கொஞ்சம் பேர் கேட்கிறார்கள்.

வலி மாத்திரைக்கு ஒரு எல்லை வேண்டும். டைக்ளோஃபினாக் போன்றவை வலி அதிகமான சில நாட்களுக்கு, மருத்துவர் சொன்னால் மட்டும். மாதக்கணக்கில் தானாகவே வாங்கிப் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதே மருந்தைக் களிம்பாக மேலே தடவுவதில் ஆபத்து குறைவு. கணுக்கால் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூட்டு என்பதால் தடவிப் பார்க்கலாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் "வலிப்பொடி"யை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். மூன்றே நாளில் எல்லா வலியும் பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஊசிகளைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ சில மாதங்களோ நிம்மதி தரும். அறுவடை நேரம், மகள் கல்யாணம் என்று ஒரு காலகட்டத்தைக் கடக்க அது உதவலாம். அடிக்கடி போடக்கூடாது. மூட்டு மாற்றுக்கோ வேறு பெரிய அறுவைக்கோ திட்டமிருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் போடக்கூடாது, கிருமி தொற்றும் ஆபத்து கூடும். அதைவிடச் செலவான பி.ஆர்.பி. ஊசி இப்போது எங்கும் பேசப்படுகிறது, சொந்த ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடுவது. நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். 26 வாரம் கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2021இல் வெளியான ஆய்வு அது. நகையை அடகு வைத்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள நினைப்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

சித்தப்பா மூன்று நான்கு வருடம் செருப்பு, தடி, பட்டையோடு ஓட்டினார். ஓட்டினார் என்றாலும் நன்றாகத்தான் இருந்தார், முந்திரி சீசனில் கொட்டை பொறுக்கினார். அப்புறம் ராத்திரியில் வலி எழுப்ப ஆரம்பித்தது. படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, நல்ல செருப்பிலும் ஒரு தெரு நடக்க முடியவில்லை என்கிற கட்டம் வந்தால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். புதுச்சேரியில் கால் பாதம் அதிகம் பார்க்கும் ஒரு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

மூட்டைக் காப்பாற்றும் அறுவைகளும் உண்டு, அவற்றுக்கு நேரம் பார்க்க வேண்டும். முன்பக்கம் முளைத்த எலும்பு முள் இடிப்பது மட்டுமே பிரச்சினை, மூட்டு மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் நுண்துளை வழியாக அதைச் சீவி எடுக்கலாம். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, கால் சாய்ந்திருந்தால் கணுக்காலுக்கு மேலே எலும்பை வெட்டி நேராக்கி, சுமையை நல்ல பக்கத்துக்கு மாற்றலாம். சின்ன வயதுக்காரர்களுக்கு இது மிக நல்ல வழி, நம் பக்கம் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. வெளியில் வளையங்கள் பொருத்தி மூட்டைச் சில மில்லிமீட்டர் விலக்கி மாதக்கணக்கில் வைத்திருக்கும் முறையும் உண்டு. சித்தப்பாவின் மூட்டு இதையெல்லாம் தாண்டியிருந்தது. மிஞ்சியது இரண்டு வழி: மூட்டை ஒட்டவைத்துவிடுவது, அல்லது செயற்கை மூட்டு.

ஒட்டவைப்பது என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "காலக் கட்டை மாதிரி ஆக்கிடுவீங்களா சார்?" என்றார். மருத்துவர் அவசரப்படவில்லை. அவரைப் படுக்க வைத்துக் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். அதில் ஏற்கெனவே சில பாகைக்கு மேல் அசைவே இல்லை. "ஐயா, இது தானாவே முக்கால்வாசி ஒட்டிக்கிச்சு. மிச்சம் இருக்கிற கொஞ்சூண்டு அசைவுலதான் உங்க வலியே இருக்கு" என்றார். பிறகு பாதத்தின் நடுப்பகுதியை அசைத்துக் காட்டினார், அது நன்றாக மடங்கியது. கணுக்காலை நிறுத்தினாலும் பாதம் முன்பக்கத்தில் கொஞ்சம் மடங்கும். சமதரையில் செருப்போடு நடந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத அளவுக்குக்கூட நடை அமையும்.

அப்புறம் கேள்விகள். மரம் ஏறுவீர்களா? வரப்பில் எவ்வளவு நேரம்? மூட்டை தூக்குவீர்களா? கழிவறை எந்த மாதிரி? பீடி உண்டா? சர்க்கரை எவ்வளவு? இந்தக் கேள்விகளைக் கேட்ட மருத்துவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

செயற்கைக் கணுக்கால் என்பது கீழ்க்கால் எலும்பின் நுனியிலும் டேலஸின் மேற்பரப்பிலும் உலோகம், நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக். 1970களில் வந்த முதல் தலைமுறை மூட்டுகள் சீக்கிரமே கழன்று பெரும் ஏமாற்றமாக முடிந்தன. இப்போதைய மூட்டுகள் எவ்வளவோ மேல். பத்து வருடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இருவருக்குத்தான் மறு அறுவை தேவைப்படுகிறது. அசைவு மிஞ்சும், பக்கத்து மூட்டுகளுக்குச் சுமை குறையும். ஆனால் பாரம் தூக்கி, மேடு பள்ளத்தில் நாள் முழுக்க உழைக்கும் ஐம்பது வயதுக் காலுக்குள் வைத்தால் சீக்கிரம் கழன்றுவிடக்கூடும். கழன்ற பிறகு ஒட்டவைப்பது கடினம், எலும்பே குறைந்திருக்கும். கணுக்காலின் முன்தோல் மெல்லியது, தையல் ஆறுவதிலும் சிக்கல் வரலாம். உணர்ச்சி இழந்த சர்க்கரைக் காலுக்கும், கிருமி இருக்கும் மூட்டுக்கும், ரத்தமின்றிச் செத்துப்போன டேலஸுக்கும் இதை வைக்கக்கூடாது.

இரண்டில் எது உசத்தி என்று கேட்கிறவர்களுக்கு 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வைச் சொல்வேன். 50 முதல் 85 வயது வரையிலான 303 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு அறுவைக்கும் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் நடையும் நிற்பதும் நன்றாக முன்னேறியிருந்தன, பெரிய வித்தியாசம் இல்லை. காயம் ஆறுவதில் தாமதமும் நரம்புப் பாதிப்பும் செயற்கை மூட்டில் அதிகம். ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது ஒட்டவைத்தவர்களிடம் அதிகம். இரண்டுமே நல்ல அறுவை என்பதால்தான் நோயாளியின் வாழ்க்கையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இதே மருத்துவர் செயற்கை மூட்டைச் சொன்னார். அவருக்கு முடக்குவாதம், இரண்டு கணுக்காலும் போயிருந்தன, கீழே உள்ள மூட்டும் இறுகியிருந்தது. இரண்டு காலையும் ஒட்டவைத்தால் நாற்காலியிலிருந்து எழுவதும் சரிவில் இறங்குவதும் பெரும்பாடு. அறுபது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, மூட்டை தூக்கும் வேலை இல்லை. சாயங்காலம் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடக்க வேண்டும், அதுதான் அவர் கேட்டது. அந்தக் காலுக்கு அது சரி.

சித்தப்பாவுக்கு ஒட்டவைத்தார்கள். அதற்கு முன் பீடியை விடச் சொன்னார்கள். புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், புகைப்பவர்களுக்கு ஒட்டாமல் போகும் வாய்ப்பு பல மடங்கு. முப்பது வருடப் பழக்கத்தை அவர் விட்டது எனக்கே ஆச்சரியம். மிஞ்சிய குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எலும்பை எலும்போடு சேர்த்து மூன்று ஸ்க்ரூ. பாதத்தைக் காலுக்கு நேர்செங்குத்தாக, குதிகால் துளி வெளிச்சாய்வாக வைத்தார்கள். நுனிக்கால் கீழே சரிந்தபடி ஒட்டிவிட்டால் நடக்கும்போது முழங்கால் பின்னால் தள்ளப்படும், வெறுங்காலில் நடக்கிற நம் ஆட்களுக்கு அது தாங்கவே முடியாது. முதல் ஆறு வாரம் கால் தரையில் படவே கூடாது. வாக்கர், பெட்பான், சித்தியின் கோபம் எல்லாம் அந்த வாரங்களில்தான். பிறகு பூட்ஸ் போட்டு மெதுவாகச் சுமை. மூன்றாவது மாதப் படத்தில் எலும்பு ஒட்டியிருந்தது.

எது போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குந்தி உட்கார முடியாது, குதிகால் தரையில் பதியாது. தோட்டத்துக் கழிவறையில் மேற்கத்திய பீங்கான் வைத்தோம், அறுவைக்கு முன்னாடியே வைத்துவிடுவது நல்லது. பலாமரம் ஏறுவது முடிந்தது, ஆள் வைத்துப் பறிக்கிறார். மணலில் நடை தடுமாறும், சில்வர் பீச்சுக்கு வந்தால் சிமெண்ட் நடைபாதையோடு நின்றுகொள்கிறார். பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் மெதுவாகச் சுற்றுகிறார். முந்திரிக்கொட்டையைச் சின்ன முக்காலியில் உட்கார்ந்து பொறுக்குகிறார், தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு. ஆனால் ராத்திரி தூங்குகிறார். வலி மாத்திரை இல்லை. எது வேண்டும் என்று மறுபடி கேட்டாலும் இதையேதான் கேட்பேன் என்கிறார்.

கணுக்கால் செய்த வேலையை இனிமேல் அதற்குக் கீழே உள்ள மூட்டும் பாதத்தின் நடு மூட்டுகளும் செய்ய வேண்டும். பத்து இருபது வருடத்தில் அவையும் தேயலாம். ஒட்டவைத்த பலரின் எக்ஸ்ரேயில் அது தெரியும், எல்லாருக்கும் வலிப்பதில்லை. அதனால் அந்த வளைந்த அடிச் செருப்பை அவர் விடக்கூடாது, எடையும் ஏறக்கூடாது, ஆண்டுக்கொரு முறை நின்றெடுத்த படம் ஒன்றை மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த முறை வந்தபோது செருப்பின் அடி முன்பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது, வளைவே இல்லை. சித்திரையில் முந்திரி வேலை மும்முரமாவதற்குள் புதிதாக அளவு கொடுத்துச் செய்து வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.